மலைநம்பிக்குப் புறப்பட்டுத் திருப்புடைமருதூர் போன நாள்

மார்கழியில் திருக்குறுங்குடிக் காட்டுக்குள் இருக்கிற மலைநம்பி கோயிலுக்குப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நம் நெல்லைப் பக்கத்தில் இந்த மாதத்துக் குளிர் ஒரு பெரிய விஷயமே இல்லை. மழையைத்தான் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருவது தென்மேற்குக் காற்று. ஐப்பசியிலிருந்து காற்று திரும்பிவிடும். கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு முகத்தில் நேராக மோதும். திருக்குறுங்குடி, களக்காடு, மணிமுத்தாறு, மாஞ்சோலை எல்லாம் அந்த முகத்தில்தான் இருக்கின்றன. குமரிக்கடலில் ஒரு காற்றுச் சுழற்சி வந்துவிட்டால், ஊருக்குள் தூறல் விழும்போதே மேலே கொட்டித் தீர்த்துவிடும்.

நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். அறுபது தாண்டிய சித்தி, பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகள், பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த சித்தி மகன், நான், என் வீட்டுக்காரர். திருக்குறுங்குடியில் நம்பி ஐந்து பேர். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி. கடைசியாகச் சொன்னவரைப் பார்க்கத்தான் காட்டுக்குள் நடக்க வேண்டும். சித்திக்கு நெடுநாள் நேர்ச்சை.

முந்தின நாள் சாயங்காலமே நெல்லை மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட் வந்துவிட்டது. 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை பெய்யலாம் என்று அதற்கு அர்த்தம். திருக்குறுங்குடி வரை போவோம், வனத்துறை விட்டால் ஏறுவோம், இல்லையென்றால் வேறு இடம் என்று ராத்திரியே பேசி வைத்துக்கொண்டோம். காலையில் போய்ச் சேர்ந்தபோது வானம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் சோதனைச் சாவடியில் குறுக்குக் கம்பு போட்டிருந்தார்கள்.

"ராத்திரி பூரா மேல மழை அண்ணாச்சி. இன்னிக்கு யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு" என்றார் அங்கிருந்த காவலர். உள்ளூர்க்காரர்.

சித்தி மகனுக்கு மனசு கேட்கவில்லை. "வானம் தெளிஞ்சிருக்கே, மத்தியானத்துக்குள்ள எறங்கிருவோமே" என்று கேட்டுப் பார்த்தான். அவர் கோபப்படவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து ஓடையைக் காட்டினார். நாங்களும் பின்னால் போனோம்.

"இப்பம் கணுக்கால் தண்ணிதான் தம்பி. நீங்க போயி சாமி கும்பிட்டுட்டு வரதுக்குள்ள இடுப்பளவு வந்துரும். அப்புறம் நீங்க அக்கரை, நாங்க இக்கரை. கயிறு கட்டித்தான் ஆளக் கொண்டாரணும். இந்தா பாருங்க, சருகும் சுள்ளியும் வருதா? தண்ணி நிறம் மாறுதா? கலங்கல் வந்துட்டுன்னா மொதல்ல கரையேறிரணும். எங்க மழை, எவ்வளவு மழைங்கிறதெல்லாம் கரையில நின்னு பேசிக்கிடலாம்."

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம்பியாறு சின்ன ஆறு, செங்குத்தாக இறங்குகிற ஆறு. உச்சியில் பெய்த மழை அடிவாரத்துக்கு வர அதிக நேரம் எடுக்காது. நாம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு விழாமலே வெள்ளம் வரும். மழை பெய்தால்தானே ஆபத்து என்று நினைக்கிறவர்கள் அந்தக் காவலரிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்க்க வேண்டும். அவர் எங்களைத் திருப்பி அனுப்பியதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

சித்தி அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவளோ, "நம்பி எங்க போயிரப் போறான், கீழ இருக்கிறவரும் அவந்தானே" என்று சொல்லிவிட்டு ஊர்க் கோயிலுக்கு நடந்தாள். அங்கே கொடிமரம் சற்று விலகி நிற்கும். உள்ளே வர முடியாமல் வெளியே நின்று பாடிய நம்பாடுவானுக்குக் காட்சி கொடுக்க நம்பி அதை விலகச் சொன்னார் என்பது கைசிக ஏகாதசிக் கதை. சித்தி அந்த இடத்தில் வெகுநேரம் நின்றாள்.

அப்புறம் எங்கே போவது? களக்காட்டில் குளிக்கிற இடமான தலையணை, மணிமுத்தாறு அருவி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அதெல்லாம் மலைநம்பி இருக்கிற அதே புலிகள் காப்பகம்தான். மழைக்காக மலைநம்பியை மூடினால் அங்கேயும் விடமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்று இடம் தேடுகிறவர்கள் மலையை விட்டுச் சமவெளிக்கு வந்துவிடுவதுதான் சரி. பறவைகள் வரும் கூந்தன்குளம் போகலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பிள்ளைகளுக்குப் பறவை, சித்திக்குக் கோயில், இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் திருப்புடைமருதூர் என்று நான் சொன்னேன். களக்காடு, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக வண்டி திரும்பியது. வழியெல்லாம் வாழைத்தோட்டத்துக்குள் தண்ணீர் கட்டிக் கிடந்தது.

கடனாநதி தாமிரபரணியில் வந்து சேரும் ஊர் அது. நாறும்பூநாதர், கோமதி அம்மாள். லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கருவூர்ச் சித்தர் சாமி பார்க்க வந்தபோது ஆற்றில் வெள்ளமாம். கடக்க முடியாமல் அக்கரையிலிருந்தே கூப்பிட்டாராம். அந்தக் குரலைக் கேட்க சாமி தலையைச் சாய்த்தார் என்கிறார்கள். தெரிந்த கதைதான். ஆனால் வெள்ளத்தால் திரும்பி வந்த அன்றைக்கு, வெளியே ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது குருக்கள் சொல்லக் கேட்டது வேறு மாதிரி இருந்தது. சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுடைய நேர்ச்சை பாதி நிறைவேறியதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கோயில் ராஜகோபுரத்தின் உள்நிலைகளில் நாயக்கர் காலத்து மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் இருக்கின்றன. போர்க் காட்சிகள், திருவிளையாடல், கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் காட்சி. மேலே ஏற அனுமதி வாங்க வேண்டும். அன்றைய மழை இருட்டில் நாங்கள் கேட்கவில்லை. பார்த்தவர்கள் யாராவது எழுதுங்கள், நம் மாவட்டத்தில் இதற்கு ஈடாக இன்னொன்று சொல்வது கஷ்டம்.

பிள்ளைகள் மரத்தடியை விட்டு வரவே மாட்டேன் என்றார்கள். நீர்க்காகம், கொக்கு, நாரை, எல்லாம் மழையில் நனைந்து சிறகை விரித்து வைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை உட்கார்ந்திருந்தன. பறவைகள் தங்குகிற இடம் மொத்தமே 2.84 ஹெக்டேர்தான். 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் காத்துவந்த இடம். ஆற்றுப் படித்துறைக்குப் போகவிருந்த சித்தி மகனை அங்கே ஒரு பெரியவர் அதட்டி நிறுத்தினார். "மேல அணை தொறந்தா படி தெரியாதுடே." பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. மார்கழிக்குள் இவை நிரம்பியிருந்தால் வருகிற தண்ணீரை அப்படியே கீழே விட்டுவிடுவார்கள். பெரியவர் சொன்னது அதைத்தான். அவன் மறுபேச்சில்லாமல் திரும்பி வந்தான். காலையில் ஓடையைப் பார்த்தவன் அல்லவா.

கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையையும் தேங்காய்த் துவையலையும் ஊர் முகப்பில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மலையில் பசியோடு சாப்பிடுகிற ருசி இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

அக்கா, நல்லா எழுதியிருக்கீங்க. மாஞ்சோலைக்கும் இதே நிலைதான். மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் கேட்காமல் யாரும் வெளியூரிலிருந்து கிளம்பி வராதீர்கள். மேலே ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட் பக்கம் பெய்கிற மழையைக் கல்லிடையில் இருந்துகொண்டு மதிப்பிட முடியாது. இங்கே துணி காயும், அங்கே எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. நனைந்த பாதையில் அட்டை வேறு.

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நாங்கள் நண்பர்கள் மலைக்குப் போவதாக இருந்தது. சனிக்கிழமை ராத்திரி எங்கள் அண்ணாச்சி ஒருவர் போன் போட்டு, "வேண்டாம்டே, குமரிக்கடல்ல சுழற்சி நிக்கி" என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் தண்ணீர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலை அன்று ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தி வைத்தார்கள். அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் 800 பேர் அதில் இருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வெள்ளத்துக்கு நடுவிலும் சமைத்துப் போட்டார்கள்.

அந்த வாரம் நாங்கள் மலைக்கு வாங்கி வைத்திருந்த கயிறு, டார்ச், மழைக்கோட்டு எல்லாம் ஆற்றங்கரைத் தெருக்களுக்கு அரிசியும் பாலும் கொண்டுபோகத்தான் உதவியது. அக்கா, தை பிறந்ததும் சித்தியைக் கூட்டிக்கொண்டு மலைநம்பிக்கு மறுபடி போவீர்களா? போனால் சொல்லுங்கள், நாங்களும் வருகிறோம். கிளம்பும் முன் சாவடியில் கேட்டுக்கொள்வது என் பொறுப்பு.