ரீமேப் செய்த டர்போ போலோ: மைலேஜை மீட்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது போலோ 1.0 டிஎஸ்ஐ, 6 கியர் மேனுவல். கம்பெனியில் இருந்து வந்தபோது 110 பிஎஸ், 175 என்எம். நாலு மாசம் முன்னாடி ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை பவர் கூடுற மாதிரி மாற்றும் முதல் கட்ட ட்யூனிங்) போட்டேன், ஏர் ஃபில்டரும் மாற்றினேன். வண்டி பறக்குது, அதில் குறையே இல்லை. ஆனா கோவைக்குள்ள சிங்காநல்லூர் – சரவணம்பட்டி ஓட்டத்தில் லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்த வண்டி இப்ப 9-ஐத் தாண்ட மாட்டேங்குது. சேலம் ஹைவேயில் 18 போய் 15. டேங்க் டு டேங்க் நிரப்பிப் பார்த்த கணக்குங்க இது, டேஷ்போர்டு காட்டுற மைலேஜை நம்பலை.

டயரும் 195/55-லிருந்து 205/55 ஆக்கியிருக்கேன், ரிம் அதே 16 இன்ச். விட்டம் கூடியதால் ஓடோமீட்டர் சுமார் 2 சதவீதம் குறைச்சுக் காட்டும். அதைச் சேர்த்தாலும் இடைவெளி அடையலை.

கால் கனம்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. பாதி உண்மைதான். ஆனா ஓபிடி ஸ்கேனரில் (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் பிளஸ் 8 சதவீதத்திலேயே நிக்குது, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் வழக்கமான கணக்கை விட அவ்வளவு பெட்ரோல் கூடுதலா விடுது. ஃபில்டர் மாற்றினப்ப ஹோஸ் கிளாம்ப் எங்கயாவது லூஸா விட்டு காத்து கசியுதோ? ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள்ள புகை விட்டு கசிவைக் கண்டுபிடிக்கிறது) எடுத்தவங்க இருக்கீங்களா?

இன்னொண்ணு, ரீமேப்பை 95 ஆக்டேனுக்குப் போட்டாங்க, நான் பாதி நாள் சாதா பெட்ரோல்தான் அடிக்கிறேன். நாக் (பெட்ரோல் கலவை தானா வெடிச்சுத் தட்டுறது) வந்து, அதைத் தடுக்க இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்னாடி போனாலே மைலேஜ் இவ்வளவு அடிவாங்குமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, பழைய மேப்புக்குத் திரும்ப மனசு வரலை.