பூஞ்சை பிடித்த கேசட்டைச் சரிசெய்ய யாராவது உண்டா?

தேவகோட்டையில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. குடும்பக் கதையை எழுதிவைக்க விரும்பும் பெரியவர்களுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன். என் சொந்தக் குடும்பக் கதைதான் பாதியில் நிற்கிறது.

1942இல் பர்மாவிலிருந்து தமு வழியாக இம்பாலுக்கு நடந்தே வந்ததை அப்பத்தா சொல்லச் சொல்ல, 1988இல் பதிவு செய்த 90 நிமிடக் கேசட் அது. முதல் பக்கத்தை முன்பே கேட்டு எழுதிவிட்டேன். போன மாதம் இரண்டாம் பக்கத்தைப் போட்டால், கதை பர்மாவின் சிந்த்வின் ஆற்றங்கரைக்கு வந்ததும் குரல் அமுங்கிக் கிறீச்சிடுகிறது. நாடா உருளையில் சுற்றிக்கொள்கிறது. சுருளின் ஓரத்தில் அரிசிமாவு தூவியதுபோல் வெள்ளைப் படலம்.

பென்சிலால் சுற்றிப் பார்த்தேன். ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். வேறு டேப் ரெக்கார்டரிலும் அதே கதை. நாடாவை வேறு கூட்டுக்கும் மாற்றியாயிற்று. காரைக்குடியில் ஒரு கடைக்காரர் பூஞ்சையைக் கண்டதும் கையை விரித்துவிட்டார். (பாட்டுக் கேசட் என்றால் உடனே மாற்றித் தருவாராம்!) 90 நிமிட நாடா மெல்லியது, இனி ஓட்டினால் அறுந்துவிடும் என்று நிறுத்திவைத்திருக்கிறேன்.

மதுரை, திருச்சி, சென்னைப் பக்கம் இத்தகைய நாடாவைச் சுத்தம் செய்து, ஒலியை டிஜிட்டலாக மாற்றித் தருபவர் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?