தேரிக்காட்டிலிருந்து சோனாப்பூர் வரை: ஒரு குருவானவரின் அனுபவம்

உள்ளூர் ஊழியம், வெளிநாட்டு ஊழியம் என்று திருச்சபையில் நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காடு என்னும் செம்மணல் பகுதியை ஒட்டிய சாத்தான்குளம், நாசரேத் பக்கத்துச் சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பு) பணியாற்றிய பின் துபாயில் ஒரு தமிழ்ச் சபைக்குச் சென்ற எனக்கு அந்தப் பிரிவு பொருந்தவே இல்லை. நிலத்தை ஈடு வைத்தும் நகையை விற்றும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் வழியனுப்பிய பிள்ளைகளைத்தான் அங்கே தொழிலாளர் கேம்ப்புகளில் சந்தித்தேன்.

ஊத் மேத்தா பகுதியிலுள்ள ஆலய வளாகத்தில் பல மொழிச் சபைகள் நேரம் பிரித்துக்கொண்டு ஆராதனை நடத்துகின்றன. 2021 முடியும்வரை அங்கே வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்பதால், எங்கள் பெரிய ஆராதனையும் அன்றே நடந்தது. கேம்ப்பிலிருந்து அவ்வளவு தூரம் வர இயலாதவர்களைப் பார்க்க, மாலையில் துபாயின் தொழிலாளர் கேம்ப்புகள் நிறைந்த சோனாப்பூருக்குச் செல்வோம். அந்நாட்டில் பிற சமயத்தவரை மதம் மாற்ற முயல்வது சட்டப்படி குற்றம். ஆகவே, இரண்டடுக்குக் கட்டில்கள் நிறைந்த அறைகளில் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவர்களும் கலந்திருக்க, நான் பிரசங்கம் எதுவும் செய்யாமல், சம்பள பாக்கியையும் தங்கையின் கல்யாணத்தையும் பற்றி அவர்கள் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் ஊழிய நாட்களில் நான் மிக அதிகமாகக் கற்றுக்கொண்ட மணிநேரங்கள் அவையே.

எங்கள் பக்கத்து இளைஞர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது, அவருடைய அறைத்தோழரான கீழக்கரை இஸ்லாமியச் சகோதரர் விடுப்பெடுத்துக்கொண்டு என்னுடன் வந்தார். காவல்துறை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், விசா ரத்து, கடவுச்சீட்டை ரத்துசெய்து இந்தியத் துணைத் தூதரகம் தரும் தடையின்மைச் சான்று, உடலைப் பதப்படுத்துதல், விமான சரக்குப் பதிவு என்று ஒவ்வொன்றாக முடித்தால்தான் உடல் புறப்படும். ஒரு தாளில் பெயரின் ஓர் எழுத்து மாறினாலும் எல்லாம் நின்றுவிடும். இதற்கு முன்பே இரண்டு நண்பர்களை இப்படி அனுப்பிவைத்திருந்த அவருக்கு எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்பார்கள் என்பது மனப்பாடமாக இருந்தது. அடிபட்டுக் கிடந்தவனுக்கு வேற்றினத்தான் ஒருவன் உதவியதாக இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருளை வரிசையில் என் முன்னால் நின்ற அந்த மனிதரிடம் கண்டேன் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

உடல் திருவனந்தபுரம் விமான நிலையத்திற்கு வந்து, அங்கிருந்து ஆம்புலன்சில் ஊருக்குப் போனது. பின்னர் விடுமுறையில் அந்த வீட்டிற்குச் சென்றபோது, தாயார் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "ஐயா, அவன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?" என்றுதான் கேட்டார். இருந்தார் என்று என்னால் உண்மையாகச் சொல்ல முடிந்தது.

எங்கள் மண்ணின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகளிடம், "உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்ற கருத்தில் பேசினார். அன்று அது வெள்ளையரை நோக்கிய கேள்வி. இன்று கேம்ப்புக்கு உணவுப் பொட்டலங்களுடன் சென்று, புகைப்படம் எடுத்து, அறிக்கையில் எண்ணிக்கை காட்டிவிட்டுத் திரும்பும் நம்மை நோக்கியும் அதே கேள்வி நிற்கிறது. பொட்டலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; பசி உண்மையானது. ஆனால், வாங்குபவரின் பெயரையாவது தெரிந்துகொள்ளாத உதவியை ஊழியம் என்று அழைக்க என் மனம் இடங்கொடுப்பதில்லை.

அந்த இளைஞரின் மரணத்தில் என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. சுற்றுலா விசாவில் சென்று, அங்கேயே வேலை விசாவுக்கு மாறியவர் அவர். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்லும்போது அரசின் குடியேற்ற அனுமதி பெறவேண்டும். அந்த வழியாகச் செல்பவர்களுக்கு, விபத்தில் இறந்தால் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் தரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு அதன் கட்டணம் 275 ரூபாய்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக்கூடாது என்பதும் விதி. சுற்றுலா விசாவில் சென்றதால் அவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனது; முகவருக்கு லட்சக்கணக்கில் கொடுத்த அந்தக் குடும்பத்திற்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது ஊரில், வெளிநாடு புறப்படும் பிள்ளையின் கடவுச்சீட்டையும் விசாவையும் ஜெபிப்பதற்காகக் கொண்டுவந்து கொடுத்தால், முதலில் பிரித்து வாசிக்கிறேன். சுற்றுலா விசா என்றால் அந்தப் பயணத்தை நிறுத்தச் சொல்லி, பெற்றோருடன் உட்கார்ந்து முகவரின் பதிவு எண்ணை வெளிநாட்டு வேலைக்கான அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் சரிபார்க்கிறோம். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், சிலர் வேறு குருவானவரிடம் போகிறார்கள். ஆயினும், சேகரத்து வாலிபர் சங்கம் இந்த வேலையைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. பக்கத்துச் சேகரங்களிலும் இதைத் தொடங்க முன்வரும் குருவானவர்களுக்கு உதவ அந்த வாலிபர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.