எத்துப்பல்லுக்கு 9 வயதிலேயே சிகிச்சை தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. கீழ்த்தாடை உள்ளடங்கியிருப்பதால் மேல் முன்பற்கள் கீழுதட்டின் மேல் படிந்து, உறக்கத்திலும் அவள் வாய் மூடுவதில்லை. இப்போதே ட்வின் பிளாக் (மேல், கீழ்ப் பற்களில் மாட்டும், கழற்றக்கூடிய இரட்டைக் கருவி) பொருத்தினால் தாடை வளருமா?

பதில் 1: ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கிய அக்கருவியின் சாய்தளங்கள், வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஆயினும், பிரிட்டனில் கெவின் ஓ'பிரையன் குழுவினர் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், கிடைத்த மாற்றத்தின் பெரும்பகுதி பற்கள் நகர்ந்ததால் வந்ததே. எலும்பு வளர்ச்சியின் பங்கு சிறியது.

பதில் 2: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வின்படி, முன்கூட்டியே தொடங்குவதன் தெளிவான பயன், முன்பற்கள் அடிபடும் வாய்ப்பு குறைவதுதான். விளையாட்டில் விழுந்து என் மகனின் பல்முனை உடைந்தபோது அதன் அருமை எனக்குப் புரிந்தது.

கேட்டவர்: இவளும் ஓயாமல் ஓடுபவள், மருத்துவரிடம் இதையே முதலில் கேட்கிறேன்.