யார்ட்சைட், ரெப், கின்னூய்: யூதக் குடிவழி ஆய்வுச் சொற்களுக்குத் தமிழ்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

யூதக் குடும்பங்களின் குடிவழியை ஆராய்வோர் எதிர்கொள்ளும் சொற்களுக்குத் தமிழ் காணும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். இறந்தவரை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாளான ‘யார்ட்சைட்’ என்பதற்கு ‘நினைவு நாள்’ போதும் என்று பலரும், ‘திதி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று சிலரும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஒரு சொல் பிழைபட்டால் ஆய்வாளர் இறப்புப் பதிவை வேறொரு மாதத்தில், சில வேளை வேறோர் ஆண்டில் தேடிக்கொண்டிருப்பார் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவர் இறந்த நாள் எபிரேய நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் திரும்பி வருவதே யார்ட்சைட். எபிரேய மாதம் பிறையோடு தொடங்கி 29 அல்லது 30 நாள் ஓடும். பருவங்களோடு ஒத்துப்போவதற்காக 19 ஆண்டுக்குள் 7 முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படும். ஆகவே யார்ட்சைட் ஒவ்வோர் ஆண்டும் ஆங்கில நாட்காட்டியில் வெவ்வேறு தேதியில் வரும். நம் நாளிதழ்களின் நினைவஞ்சலி விளம்பரங்களால் ‘நினைவு நாள்’ என்பது மாறாத ஆங்கிலத் தேதியையே குறிப்பதாகிவிட்டது. யார்ட்சைட் குறிப்பை ‘நினைவு நாள்’ என்று தமிழில் தந்தால், படிப்பவர் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

‘திதி’ முதற்பார்வைக்கு மிகவும் பொருந்துகிறது. ஆனால் திதி நாளின் எந்த நாழிகையிலும் தொடங்கி எந்த நாழிகையிலும் முடியக்கூடியது; வளர்பிறை, தேய்பிறை என இரு பாதியாக எண்ணப்படுவது. எபிரேய நாளோ சூரியன் மறையும்போது தொடங்கி மறுநாள் மறையும்போது முடியும். மாதம் முழுவதும் ஒரே தொடராக எண்ணப்படும். இந்த எண்ணும் முறைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் ‘ரமலான் பிறை 27’ என்று சொல்லும்போது, மாலையில் தொடங்கும் நாளையும், பாதியில் முறியாமல் 29 அல்லது 30 வரை செல்லும் எண்ணிக்கையையும்தான் சொல்கிறார்கள். எனவே யார்ட்சைட்டுக்கு ‘நினைவுப் பிறை’ என்பதை முன்வைக்கிறேன். இஸ்லாமிய நாட்காட்டியில் கூடுதல் மாதம் இல்லையே என்று கேட்கலாம். அது ஆண்டைக் கணக்கிடும் முறையைப் பற்றிய வேறுபாடு. நாளைக் குறிக்கும் சொல்லை அது பாதிக்காது.

ஒலிபெயர்ப்பே போதும் என்ற கருத்துக்கும் விடை சொல்ல வேண்டும். யார்ட்சைட் என்பது அஷ்கெனாசியர் எனப்படும் நடு, கிழக்கு ஐரோப்பிய யூதரின் இத்திஷ் மொழிச் சொல். ஸ்பானிய வழிவந்த செபராதி யூதரிடம் இதற்கு வேறு சொற்கள் உண்டு. இத்திஷ் பேசாத கொச்சி யூதருக்கும் இது தாய்மொழிச் சொல் அன்று. கேரளத்தின் சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த, இஸ்ரயேலின் மகள் சாராவின் எபிரேயக் கல்லறைக் கல் இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்கும் போலந்துக் கல்லறையைப் பற்றி எழுதுவோருக்கும் பொதுவான ஒரு சொல் வேண்டும்.

இந்தச் சொல்லை ஒரு கல்லின் முன் வைத்துப் பார்ப்போம். அஷ்கெனாசிக் கல்லறைக் கல்லின் தலைப்பில் பெரும்பாலும் பே, நூன் என்னும் இரண்டு எபிரேய எழுத்துகள் இருக்கும். ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்’ என்பதன் சுருக்கம் அது. பிறகு இறந்தவர் பெயரும் தந்தை பெயரும் வரும். அதன்பின் நாளும் மாதமும், ஆண்டாகத் தாவ், ரேஷ், பே, ஹே என்ற நான்கு எழுத்துகளும் இருப்பதாகக் கொள்வோம். எபிரேய எழுத்துகள் எண்களாகவும் பயன்படும். இவற்றின் மதிப்பு முறையே 400, 200, 80, 5, கூட்டினால் 685. ஆயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம் என்பதால் இது 5685-ஆம் ஆண்டு. ஆங்கில ஆண்டை அறிய 685-உடன் 1240-ஐக் கூட்டினால் 1925 கிடைக்கும். ஆனால் எபிரேய ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால், மாதம் ஆண்டின் தொடக்கத்தை ஒட்டி வரும் ஹெஷ்வான் என்றிருந்தால் அது 1924. வசந்தத்தில் வரும் நிசான் என்றிருந்தால்தான் 1925. இறப்பு இரவு எட்டு மணிக்கு நிகழ்ந்திருந்தால் கல்லில் அடுத்த பிறை இருக்கும், அரசுப் பதிவில் அன்றைய தேதியே இருக்கும். இந்த ஒரு நாள் முரணைப் பிழை என்று கருதி ஒரு சான்றை ஒதுக்கிவிடக் கூடாது.

அதே கல்லில் தந்தை பெயருக்கு முன் ரேஷ் என்ற ஒற்றை எழுத்து நிற்கும். அதை ‘ரெப்’ என்று படிக்க வேண்டும். இதற்குச் சிலர் ‘ரபி’ என்றும் ‘குரு’ என்றும் எழுதியிருப்பதை வன்மையாக மறுக்கிறேன். ‘திரு’ என்பதே சரி. இந்த ஓர் எழுத்தை நம்பித் தம் கொள்ளுப்பாட்டனார் சமயகுரு என்று எண்ணிக்கொண்ட குடும்பங்கள் பல. உண்மையான சமயகுருவுக்கு ‘ஹா-ராவ்’ போன்ற முழுச்சொல் இருக்கும்.

அடுத்தது பெயர்கள். ‘ஷெம் ஹகோதெஷ்’ என்பதற்கு முன்மொழியப்பட்ட ‘ஞானப்பெயர்’ கிறித்தவத் திருமுழுக்கை நினைவூட்டுகிறது. ‘மறைப்பெயர்’ ஒளித்துவைத்த பெயர் என்றும் பொருள்படும். தொழுகைக்கூடத்தில் தோரா என்னும் மறைநூல் வாசிப்புக்கு ஒருவரை அழைக்கும் பெயர் இதுதான் என்பதால் ‘தொழுகைப் பெயர்’ என்கிறேன். வீட்டிலும் தெருவிலும் வழங்கிய ‘கின்னூய்’ என்பதற்குப் ‘புழங்குபெயர்’ பொருந்தும். ‘வழக்குப் பெயர்’ என்றால் நீதிமன்ற வழக்கோடு குழம்பும். அரசு ஏட்டில் உள்ளது ‘பதிவுப் பெயர்’.

இந்த மூன்றும் பிரிந்து நின்றால்தான் ஒரே மனிதரை மூன்று ஆவணங்களில் அடையாளம் காண முடியும். விவிலியத்தின் தொடக்கநூல் 49-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தம் மக்களை வாழ்த்தும்போது யூதாவைச் சிங்கக்குட்டி என்றும், நப்தலியைப் பெண்மான் என்றும், பென்யமினை ஓநாய் என்றும் சொல்கிறார். அதனால் யெஹூதா என்பவர் இத்திஷில் லெய்ப் (சிங்கம்), நஃப்தாலி என்பவர் ஹிர்ஷ் (மான்), பின்யாமின் என்பவர் வோல்ஃப் (ஓநாய்). கல்லில் யெஹூதா, கப்பல் பயணியர் பட்டியலில் லெய்ப், அமெரிக்கக் குடிக்கணக்கில் லூயிஸ் என்று ஒருவரே இருக்கக்கூடும். யெஹூதா லெய்ப் என இரண்டும் சேர்ந்து வருவதை ‘இணைபெயர்’ எனலாம். ஆஸ்திரியாவில் 1787-இலும் உருசியாவில் 1804-இலும் சட்டம் வரும்வரை பெரும்பாலான அஷ்கெனாசியருக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லாததால், அதற்கு முந்தைய தலைமுறைகளைத் தேடுவோருக்கு இப்பெயர்களே முதன்மையான பிடிமானம்.

இன்றைய தென் போலந்தும் மேற்கு உக்ரைனும் அடங்கிய கலிட்சியாவின் பிறப்புப் பதிவேடுகளைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்திரிய ஆட்சியில் அங்கே ஏராளமான யூத இணையர் சமய முறைப்படி மட்டும் மணந்தார்கள், அரசிடம் பதியவில்லை. அவர்களின் பிள்ளைகளை அரசு ஏடு சட்டப்படி பிறவாதவர் என்று குறித்துத் தாயின் குடும்பப் பெயரில் எழுதியது. இதற்கு ‘முறைகேடான பிறப்பு’ என்ற சொல் இங்கே முன்மொழியப்பட்டிருக்கிறது. ஊரும் உறவும் அறிய மணவிதானத்தின் கீழ் மணந்து வாழ்ந்தவர்களின் மேல் அப்பழியை நாம் தமிழில் ஏற்றக் கூடாது. ஏட்டின் குறிப்பை ‘மணம்சாராப் பிறப்பு’ என்றும், ஆய்வில் சமய மணம் நடந்தது தெரியவந்தால் அதைப் ‘பதியா மணம்’ என்றும் இரண்டாகப் பிரித்தே வழங்குவோம். ஏடு சொல்வதும் ஆய்வாளர் கண்டதும் ஒரே சொல்லில் கலக்கக் கூடாது.

ஒரே ஊரிலிருந்து குடியேறியவர்கள் அமைத்த சங்கமான ‘லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட்’ என்பதற்கு ‘ஊர்ச்சங்கம்’ என்று வந்த பரிந்துரையை அப்படியே ஏற்கிறேன். நியூயார்க்கில் ஓர் ஊரார் கூடி வாங்கிய அடக்க நிலங்களைச் ‘சங்க அடக்கநிலம்’ எனலாம்.

திருமண ஒப்பந்தமான கெத்துபாவில் முதன்முறை மணப்பவளுக்கு 200 சூஸ் (பழைய வெள்ளி நாணயம்), கைம்பெண்ணுக்கு 100 சூஸ் என்று வரும் வேறுபாட்டையும், மணமகளைக் குறிக்கும் அரமேயச் சொற்களையும் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். அதற்கு முன், ‘நினைவுப் பிறை’ என்பதில் ‘பிறை’ இறந்த நாளையே குறிக்கிறது என்பது முதல்முறை படிப்பவருக்கு விளங்குமா என்பதை, இச்சொல்லை அன்றாடம் புழங்கும் முஸ்லிம் அன்பர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.