வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மதர்போர்டில் எவ்வளவு போடலாம்? 6,500ஆ, 12,500ஆ?

அரசலாறு (கும்பகோணம் பக்கம்):

வணக்கம். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும். கீபோர்டு, மவுஸ், பழைய மானிட்டர் இருக்கு. மானிட்டரில் விஜிஏ (பழைய ரக வீடியோ போர்ட்) மட்டும்தான். டவர் மட்டும் 40,000 ரூபாய்க்குள் முடியணும். பொண்ணுக்குக் காலேஜ் பாடம், பைத்தான், கொஞ்சம் போட்டோஷாப். ராத்திரியில் கடைக் கணக்கு டேலியில். கேம் கிடையாது, தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம்.

கடையில் இரண்டு கொட்டேஷன் கொடுத்திருக்காங்க. இரண்டிலும் ஐ5-12400 ப்ராசசர், டிடிஆர்4 ராம் 16 ஜிபி, 500 ஜிபி எஸ்எஸ்டி. போர்டு மட்டும் வேற: ஒண்ணில் எச்610, 6,500 ரூபாய். இன்னொண்ணில் பி760, 12,500 (இரண்டும் போர்டின் சிப்செட் பெயர்). மச்சான் "போர்டுதான் அஸ்திவாரம், அதுல போய் கை இழுக்காதே" என்கிறார். அந்த 6,000 கூடுதலுக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? வீடு கிராமத்தில், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்க.

வெண்ணாறு:

அந்த 6,000க்கு வேகம் வராது. 12400 எந்தப் போர்டில் உட்கார்ந்தாலும் டேலி ஒரே நேரத்தில்தான் திறக்கும். பி760-ல் கிடைப்பது இடமும் வசதியும்: பெரும்பாலும் நான்கு ராம் ஸ்லாட், ப்ராசசரோடு நேராக இணைந்த எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி சொருகும் இடம்), பின்னால் கூடுதல் யுஎஸ்பி, விஆர்எம் (கீழே சொல்றேன்) மேல் சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட்சிங்க். எச்610-ல் இரண்டே ராம் ஸ்லாட், எம்.2 சிப்செட் (மற்ற பாகங்களை ப்ராசசரோடு இணைக்கும் சிப்) வழியாக, பிசிஐஇ என்ற இணைப்பின் 3.0 வேகத்தில்.

எம்.2 விஷயத்தை எண்ணில் பாருங்க. 3.0-ல் விநாடிக்கு 3,500 எம்பி வரை, 4.0-ல் 7,000 வரை. சாதாரண சாட்டா (பழைய கேபிள் இணைப்பு) எஸ்எஸ்டி 550. சாட்டாவிலிருந்து 3.0க்குப் போனாலே விண்டோஸ் திறப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது, 3.0-லிருந்து 4.0க்குப் போனால் ஸ்டாப்வாட்ச் வைத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

விஆர்எம் என்பது ப்ராசசருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் பகுதி. 12400க்கு அடிப்படை 65 வாட், உச்சத்தில் 117 வாட். உங்க வேலையில் அந்த உச்சம் சில விநாடிகள்தான் நிற்கும், ஹீட்சிங்க் இல்லாத மொட்டை விஆர்எம்மே தாங்கிடும். அதே போர்டில் ஐ7-ஐ வைத்து மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் போட்டால் விஆர்எம் கொதித்து ப்ராசசர் வேகத்தை இறக்கிவிடும். அப்படிப்பட்டவங்களுக்குத்தான் பி760.

மச்சான் சொல்ற அஸ்திவாரக் கணக்கு இங்கே ஒத்துவராது. ப்ராசசர் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் இன்டெல்லின் 12, 13, 14 தலைமுறையோடு முடிஞ்சுபோச்சு. 2024 கடைசியில் இன்டெல் அடுத்த சாக்கெட்டுக்குப் போயாச்சு. பி760 வாங்கினாலும் அதற்கு மேல் மாடி கட்ட முடியாது.

40,000க்கு 6,500 என்பது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத் தாண்டிப் போர்டுக்குக் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) எஸ்எஸ்டியும் பட்டினி கிடக்கும்.

ஆனால் எச்610 என்றாலே எல்லாம் ஒண்ணு இல்லை. பின்பக்கம் விஜிஏ இருக்கான்னு பாருங்க. உங்க மானிட்டருக்கு அதுதான் உயிர். பிசிஐஇ எக்ஸ்1 ஸ்லாட் (சின்ன கார்டு சொருகும் இடம்) ஒண்ணாவது இருக்கணும், காரணம் கீழே யாராவது சொல்வாங்க. டிடிஆர்4 போர்டா டிடிஆர்5 போர்டா என்று பெட்டியில் படிச்சுப் பாருங்க. ஒரே பெயரில் இரண்டும் வருது, ராமின் வெட்டு வேற இடத்தில் இருப்பதால் மாற்றிச் சொருகவே முடியாது. அப்புறம் கொட்டேஷனில் 12400-ஆ, 12400எஃப்-ஆ? எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் விஜிஏ, எச்டிஎம்ஐ எல்லாம் இருக்கும், திரை மட்டும் கருப்பாகவே நிற்கும்.

குடமுருட்டி:

இன்டெல்லோடு நிறுத்திட்டீங்க. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி-யும் 6 கோர், 12 த்ரெட். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் 12400-ல் இருப்பதைவிட நல்லாவே பலம். அதற்கு ஏ520 போர்டு சுமார் 5,000க்குக் கிடைக்கும். டேலி, எக்செல் மாதிரி ஒரே கோரை நம்பும் வேலையில் 12400 கொஞ்சம் முந்தும், அதை ஒத்துக்கிறேன்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒண்ணு: 5600ஜி-க்கு பி550 போர்டு வாங்குவது. அந்த ப்ராசசரே பிசிஐஇ 3.0 வரைதான். 9,000 ரூபாய் போர்டில் வைத்தாலும் எம்.2 ஸ்லாட் 3.0-ல்தான் ஓடும். அந்தப் பணம் காவிரியில் கரைத்த மாதிரி. 5600, 5500 என்று 'ஜி' இல்லாமல் வருபவற்றில் கிராபிக்ஸே கிடையாது. மேலே சொன்ன எஃப் கதைதான்.

ஏ520, பி450 எது வாங்கினாலும் பயாஸ் (போர்டை எழுப்பும் உள் மென்பொருள்) பதிப்பைக் கேளுங்க. கடையில் தூசி படிந்து கிடந்த பழைய சரக்காக இருந்தால் 5000 வரிசையை அடையாளம் தெரியாமல் முழிக்கும். கடைக்காரரே அப்டேட் பண்ணி, திரை வருவதைக் காட்டித் தரணும். எச்610-ல் 14ஆம் தலைமுறை போடுறவங்களுக்கும் இதே சங்கடம் உண்டு, 12400க்கு வராது.

ராமை 8+8 ஆகப் போடுங்க. உள்கிராபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்கி ஓடுது, இரண்டு சேனல் (பாதை) இருந்தால் அதற்கு மூச்சு வரும்.

வெண்ணாறு:

8+8 பற்றி எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் 8+8 போட்டால், நாளைக்கு 32 வேணும்னா இரண்டையும் கழற்றிப் பாதி விலைக்குத் தள்ளணும். கேம் இல்லாத வீட்டுக்கு ஒற்றை 16 போட்டுவிட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுவதே கணக்கு. 5600ஜி எடுத்தால் மட்டும் நீங்க சொல்வது சரி, அதன் கிராபிக்ஸுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

அரசலாறு:

நன்றி. இன்னொரு கடையில் "ஐ5 ஃபுல் செட், புது போர்டு, 13,000" என்கிறாங்க. போர்டு எச்61, மூணு மாச வாரண்டி. மிச்சப் பணத்தில் புது மானிட்டரே வாங்கிடலாமே என்று வீட்டில் பேச்சு.

வெட்டாறு (நாகப்பட்டினம்):

வேண்டாம். எச்61 சிப்செட் 2011-ல் வந்தது. போர்டு அட்டை புதுசாக இருக்கலாம், மேலே இருக்கும் சிப்செட் பழைய போர்டிலிருந்து பெயர்த்து ஒட்டியதாகத்தான் இருக்கும். "ஐ5" என்பது பெயர் மட்டும்; அதன் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்க. ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012 சரக்கு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் கணக்கு. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. கடைக் கணக்கும் பேங்க் வேலையும் பார்க்கும் மெஷினில் அதை வைத்து ஓட்டாதீங்க. எச்61-ல் சாட்டா பாதி வேகம் வேற, புது எஸ்எஸ்டி போட்டாலும் 270 எம்பி பக்கம் நின்னுடும்.

இனி வோல்டேஜ். டெல்டாவில் போர்டு சாவதற்கு சிப்செட் காரணமே இல்லை. எஸ்எம்பிஎஸ், எர்த், மின்னல், இந்த மூணும்தான். மிச்சமாகும் 6,000 அங்கே போகட்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படிங்க. கேபினட்டோடு இலவசமாக வருவதில் 200–240 வோல்ட் என்று இருக்கும். குறுவை நேரத்தில் சுற்றுவட்டாரப் பம்புசெட் எல்லாம் ஓடும்போது வீட்டில் 170க்கு இறங்கினால் அது தானாக ரீஸ்டார்ட் ஆகும், நாம போர்டு போச்சு என்று நினைப்போம். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள 450 வாட், 80 பிளஸ் (திறன் சான்று) ரகத்தில் 100–240 என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்க. 170-லும் அசராது. சுமார் 3,000 ரூபாய்.

எர்த் இல்லாத வீட்டில் கேபினட் ஸ்குரூவில் டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும், வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்ன கெப்பாசிட்டர் போகும். எர்த் ஒயர் எங்கேயும் சேரவில்லை என்றால் பாதி வோல்டேஜ், ஒரு 110 பக்கம், பெட்டி மேலேயே நிற்கும். அந்த நிலையில் பிரிண்டரோ பென்டிரைவோ சொருகினால் யுஎஸ்பி போர்ட் போகும். மல்டிமீட்டரை ஏசி 750-ல் வைத்து பிளக் பாயின்ட்டில் பாருங்க: ஃபேஸ்-நியூட்ரல் எவ்வளவோ ஃபேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அவ்வளவே காட்டணும்; நியூட்ரல்-எர்த் 3 வோல்ட்டுக்குள் இருக்கணும். பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, ஃபேஸில் விளையாட வேண்டாம். எர்த் குழி இருக்கும் வீட்டில் சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டினால், அதன் பின்பக்கச் சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கணும். 'நார்மல்' பக்கம் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் ஆஃப் ஆகிடும். ஆனால் யுபிஎஸ் பக்கம் வைத்தால் 180 வோல்ட்டுக்குக் கீழே போனவுடன் பேட்டரியைக் குடிக்க ஆரம்பிக்கும். தினமும் சாயங்காலம் இறங்கும் ஊரில் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக 600 விஏ யுபிஎஸ் நல்லது. சேவ் பண்ணி மூட 10 நிமிஷம் கிடைக்கும்.

எக்ஸ்1 ஸ்லாட் எதற்கு என்றால் மின்னலுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் பத்தாது, லேன் ஒயரையும் பிடுங்கணும். பக்கத்து வீட்டிலிருந்து மாடி வழியாக இழுத்த லேன் ஒயர்தான் பாதிப் போர்டுகளைக் கொல்லுது. அதிர்ஷ்டம் இருந்தால் லேன் சிப் மட்டும் போகும், எக்ஸ்1 ஸ்லாட்டில் ஒரு லேன் கார்டு சொருகி ஓட்டிடலாம். ஸ்லாட் இல்லையென்றால் யுஎஸ்பி லேன்தான் கதி.

எங்க நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேற. மாசக்கணக்கில் அணைத்தே வைத்தால் ராம் ஸ்லாட் முனையில் பூஞ்சை பிடித்த மாதிரி வெள்ளை படியும். தினம் ஒரு மணி நேரம் ஓடினாலே அந்தச் சூட்டில் ஈரம் தங்காது.

அரசலாறு:

எச்610-ஏ எடுத்துடறேன். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்லியாச்சு. வீட்டிலேயே நானே மாட்டலாமா? எங்கே தப்பு நடக்கும்?

வெண்ணாறு:

மாட்டலாம். முதல் ஆபத்து சாக்கெட் பின். எல்ஜிஏ1700-ல் பின் எல்லாம் போர்டில்தான், மொத்தம் 1,700. ஒண்ணு வளைந்தாலும் வாரண்டி கிடையாது. ப்ராசசரை ஓரத்தில் பிடித்து, முக்கோண அடையாளத்தைச் சேர்த்து, நேராக இறக்கி விட்டுடுங்க. தேய்க்கக் கூடாது. லீவரை அழுத்தும்போது கறுகறு சத்தம் வரும், அது இயல்பு. சாக்கெட் மேலிருக்கும் கறுப்பு மூடி தானாகத் தெறித்து வெளியே வரும்.

கூலரின் நான்கு பிளாஸ்டிக் காலையும் எதிரெதிர் மூலையாக அமுக்குங்க, ஒவ்வொன்றிலும் டிக் என்று கேட்கணும். அப்புறம் போர்டைத் திருப்பிப் பின்பக்கம் நான்கு கறுப்பு முனையும் முழுசாக வெளியே வந்திருக்கான்னு பாருங்க. ஒரு கால் தூக்கி நின்றால் சில நிமிஷத்தில் 100 டிகிரி தொட்டு வேகம் படுத்துடும்.

கேபினட்டில் ஏற்றும் முன் போர்டின் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்க. 24 பின்னும், ப்ராசசர் பக்கத்திலுள்ள 8 பின் கனெக்டரும் சொருகணும். எட்டுப் பின்னை மறந்தால் ஃபேன் சுற்றும், திரை வராது. ஃப்ரன்ட் பேனல் பின் வரிசையில் 6-ஐயும் 8-ஐயும் ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். எண் தெரியாவிட்டால் போர்டில் அச்சடித்திருக்கும் பவர் சுவிட்ச் எழுத்தைப் பாருங்க.

மலிவான எச்610 போர்டு அகலம் குறைவு. வலது ஓரத்தில் ஸ்குரூ ஓட்டை இருக்காது, 24 பின் சொருகும் இடம் அந்தரத்தில் நிற்கும். அந்த ஓரத்துக்கு அடியில் விரலை முட்டுக் கொடுத்துக்கொண்டே அமுக்குங்க. கேபினட்டில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டிக் கால்), போர்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் இருக்கணும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒண்ணு நின்றால் போர்டின் அடியில் முட்டி ஷார்ட் ஆகும்.

குடமுருட்டி:

கடையை விட்டு வரும் முன் ஒரு வேலை. பெட்டியைப் பிரித்து, மூடியைத் தூக்கி, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து சாக்கெட்டைப் போட்டோ எடுத்துக்கங்க. பின் எல்லாம் ஒரே மினுமினுப்பாகத் தெரியணும். நடுவில் ஒரு புள்ளி மட்டும் வேற மாதிரி மின்னினால் அந்தப் பீஸ் வேண்டாம் என்று சொல்லிடுங்க. ஜிஎஸ்டி பில்லில் போர்டின் சீரியல் நம்பர் இருக்கணும், மூணு வருஷ வாரண்டி அதை வைத்துத்தான். வீட்டில் ப்ராசசர் மாட்டியதும் தெறித்து வரும் அந்தக் கறுப்பு மூடியைக் குப்பையில் போட்டுடாதீங்க. போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது சாக்கெட்டில் அது இல்லாமல் வாங்க மாட்டாங்க.