புதுப்பிப்பு: உணவக பில்லில் சேர்த்த சேவைக் கட்டணம் திரும்பி வந்தது

2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டதற்கு 'எஸ்.சி. 10%' (அதாவது சேவைக் கட்டணம்) என்று 200 ரூபாய் கூட்டியிருந்தார்கள், கேட்டதற்கு "அது அரசாங்க வரி சார்" என்றார்கள் என முன்பு எழுதியிருந்தேன். பணம் வந்துவிட்டது. 200 அல்ல, 210 ரூபாய்.

அந்தப் பத்து ரூபாய்தான் என்னைக் கொதிக்க வைத்தது. 2,000-க்கு 5% ஜி.எஸ்.டி. என்றால் 100 ரூபாய். பில்லில் 55, 55 என்று மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் 110 போட்டிருந்தார்கள். அதாவது சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே வரி! பெரிய குடும்பமாகப் போகிறவர்களிடம் எவ்வளவு கறந்திருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

பில்லைப் படமெடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்தேன். பிறகு மேலாளரே அழைத்துப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "விருப்பம் இல்லையென்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே" என்றார். அதை நான் ஏற்கவில்லை. கேட்காமல் பில்லில் சேர்க்கவே கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. உணவகச் சங்கங்கள் எதிர்த்துத் தொடுத்த வழக்குகளையும் 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

டிப்ஸும் கொடுக்கக் கூடாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள், பரிமாறியவர் கையிலேயே. நான் அன்றும் கொடுத்தேன்.